பதினோராவது கம்பம்

துசாந்தனைப் பற்றி இப்போது இரண்டு கதைகள் உலாவுகின்றன. தன்னாமுனைப் பக்கம் கேட்டால், அரசாங்க வேலையை உதறிவிட்டுப் போனைத் தட்டிக்கொண்டிருந்து நாசமாய்ப் போன விசரன் என்பார்கள். ஆற்றில் வலை போடுகிறவர்களைக் கேட்டால், வயல்காரரிடம் விலைபோனவன் என்பார்கள். இரண்டும் பச்சைப் பொய். கேட்கும்போதெல்லாம் சொல்கிறவனின் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று கை துடிக்கும். வைக்கமாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் நல்லரத்தினம். புளியந்தீவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புத் தூக்கினேன். எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம், எல்லாம் ஒன்றுதான். துசாந்தன் அங்கே தகவல் தொழில்நுட்ப உதவியாளனாக வந்து சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தைந்து வயது. மெலிந்த உடம்பு. பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்க்கிற பழக்கம். என் மேசைக்கு அடுத்த மேசை அவனுடையது. கம்பஸில் கணினி படித்துக் கெட்டிக்காரனாக வந்தவனை வைத்து எங்கள் அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? பிரின்டரில் சிக்கிய கடதாசியை இழுக்கச் சொன்னது. அலுவலகப் பெரியவரின் மகளுக்குப் பள்ளிக்கூட வேலை செய்து கொடுக்கச் சொன்னது. முகம் சுளிக்காமல் செய்தான். எனக்குப் போனில் தமிழ் எழுதப் பழக்கியவனும் அவன்தான். நாற்பது தரம் கேட்டிருப்பேன். நாற்பது தரமும் முதல் தரம் சொல்வதுபோலவே சொல்லித் தந்தான்.

அவன் ஆற்றங்கரைப் பிள்ளை. தகப்பன் தோணியில் போய் வலை போட்டுத்தான் இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தார். அவர் கண்ணை மூடிய பிறகு மூத்தவன் சிவதர்சன் அதே தோணியில் இறங்கித் தம்பியைப் படிக்க வைத்தான். தம்பிக்கு வேலை கிடைத்தது, வேலை கிடைத்த கையோடு கல்யாணமும் சரிவந்தது. எங்கள் பகுதி வழக்கம் தெரிந்ததுதானே. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு போய் அந்த வீட்டில் இருப்பார். அவர் கொண்டு போகிற ஒரே சொத்து அவருடைய வேலைதான். றஞ்சிதா நல்ல பிள்ளை. மாமியார் கேதீஸ்வரியின் வாய்தான் வாய்.

மாரி பிறந்தால் எங்களுக்கு ஒரே பேச்சு, முகத்துவாரம். வாவி என்று எழுதுவோம், வாயால் சொல்வது ஆறு என்றுதான். அந்த ஆறு கடலோடு சேருகிற வாயைக் கோடையில் மணல் மூடிவிடும். மாரியில் தண்ணீர் ஏற ஏறப் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் மூழ்கும். வயல்காரர், வாயை வெட்டிக் கடலுக்கு விடு என்று நிற்பார்கள். ஆற்றில் தொழில் செய்கிறவர்களோ, இறால் இன்னும் வளரவில்லை, இப்போது வெட்டினால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று நிற்பார்கள். வருடா வருடம் கூட்டம் வைப்பார்கள். தண்ணீர் எம்மட்டு நிற்கிறது என்று கேட்டால் ஒவ்வொருவனும் எழும்பித் தன் உடம்பைத் தொட்டுக் காட்டுவான். வயல்காரன் நெஞ்சைத் தொடுவான். தோணிக்காரன் முழங்காலைத் தொடுவான். ஆறு ஒன்றுதான்! எத்தனையோ கூட்டத்துக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன். நெஞ்சு என்றும் எழுதினேன், முழங்கால் என்றும் எழுதினேன். எனக்கென்ன வந்தது?

துசாந்தனுக்கு வந்தது. ஒரு கூட்டத்தில் படம் காட்டுகிற இயந்திரத்தைப் பூட்ட வந்தவன், கடைசி வரையும் சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் ஒரு திட்டம் எழுதிக்கொண்டு வந்தான். ஆற்றைச் சுற்றிப் பதினொரு இடத்தில் அடி, அங்குலம் கீறிய கம்பம். கம்பத்துக்கு ஓர் ஆள். காலை ஆறு மணிக்குப் பார்த்துப் போனில் அளவை அனுப்பினால், பதினொன்றையும் வரிசையாக அடுக்கி நடுவில் வருகிற அளவை அவனுடைய செயலி எல்லோருக்கும் காட்டும். பெரியவர், நல்லது தம்பி, ஒரு கோப்புத் திறப்போம் என்றார். கோப்பை நான்தான் திறந்தேன். அது பதினொரு மாதம் ஊர் சுற்றிவிட்டு, 'பார்வையிடப்பட்டது' என்ற ஒரு சொல்லோடு திரும்பி வந்தது. அந்தச் சொல்லை அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கிழமையில் இராஜினாமாக் கடிதத்தை என் மேசையில் வைத்தான்.

எனக்குச் சூடு ஏறிவிட்டது.

"தம்பி, உனக்கென்ன விசரா? சம்பளமில்லாத லீவு போடு. வருசக் கணக்கில தருவாங்க. சரிவராட்டி வந்து இரு."

"லீவு போட்டா நான் இஞ்சத்த ஆள்தானே அண்ணன். நான் செய்யிறதும் இஞ்சத்த சாமானாப் போகும். மறுகா அதுக்கும் ஒரு கோப்புத் திறப்பாங்க."

"பென்ஷன் இரிக்கே மனே!"

"அதுக்காக இருவது வருசம் வாயப் பொத்திக்கொண்டு இரிக்க ஏலா அண்ணன்."

நான் பெலத்துச் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டிருப்பது அவ்வளவு கஷ்டமான வேலையா, நாங்கள் இருக்கவில்லையா என்று கேட்டேன். அலுவலகமே சேர்ந்து சிரித்தது. அவன் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

றஞ்சிதா வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சமாதானம் பேசத் துணைக்கு வாருங்கள் என்று அவன் கூப்பிட்டதால் போனேன். கேதீஸ்வரி கதிரை போட்டாள், தேத்தண்ணி தந்தாள், பிறகு தொடங்கினாள்.

"கவுமென்டு மாப்பிள எண்டுதானே அண்ணன் வீட்டையும் வளவையும் எழுதிக் குடுத்தம். இப்ப ஆரும் கேட்டா என்னத்தச் சொல்லுற? மருமகன் போனுக்க வேலை செய்யிறார் எண்டு சொல்லவா?"

"இந்த மாரி மட்டும் பொறுங்க மாமி" என்றான் துசாந்தன். "ஒரு நிறுவனம் பாத்துக்கொண்டு இரிக்கி. இந்த மாரி முழுக்க அளவு பிழைக்காம நிண்டா, கிழக்கில இரிக்கிற எல்லா வாவிக்கும் எடுப்பாங்க. அஞ்சு வருசத்துக்கு வேலைய எழுத்தில தருவாங்க. சரிவராட்டி நான் கட்டாருக்குப் போறன். இது சத்தியம்."

றஞ்சிதாவுக்கு அப்போது மூன்று மாதம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாரி முடியக்குள்ளதானே புள்ள பிறக்கும். அந்த நேரம் நீங்க இஞ்ச நிப்பீங்களா, அங்க நிப்பீங்களா?"

அவனுடைய பந்தயம் அதுதான். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் வீட்டில் நிற்பானா, இல்லையா. பெரிய பணக்காரனாக வரவேண்டும், பேர் எடுக்கவேண்டும் என்றெல்லாம் அவன் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

ஆவணி மாதத்தில் காற்றே இல்லாத ஒரு நாளைத் தேடிப் பிடித்தான். ஆறு அசையாமல் நின்ற அந்த ஒரே நாளில், அண்ணனுடைய தோணியில் ஏறிப் பதினொரு இடத்துக்கும் போய், தண்ணீர் தொட்ட இடத்தில் கோடு கீறினான். அப்போதுதான் எல்லாக் கம்பமும் ஒரே அளவு பேசுமாம். பதினோராவது கம்பம் எங்கள் ஊர்ப் பழைய ஓடத்துறையில். அதற்கு நான்தான் ஆள். சிவதர்சன் தண்டு பிடித்துத் தோணியை நிறுத்த, இவன் கழுத்தளவு தண்ணீரில் நின்று சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்தான். வெயிலில் முதுகு உரிந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவனை அலுவலகத்தில் ஒருநாளும் கண்டதில்லை.

செயலிக்கு 'ஆத்துமட்டம்' என்று பெயர் வைத்தான். அளவை அடித்ததும் அது ஒரு கேள்வி கேட்கும்: சரியாகப் பார்த்தீர்களா? கீழே ஓம், இல்லை என்று இரண்டு பொத்தான். ஓம் என்று அழுத்தினால்தான் போகும். இதென்ன பெரிய கோட்டு விசாரணையா என்று நான் பகிடி பண்ணினேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஐப்பசியில் அது பிடித்துக்கொண்டது. தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் போனை நீட்டி, ரெண்டடி ஏழு, ரெண்டடி ஒன்பது என்று கதைத்தார்கள். அந்த வருடக் கூட்டத்தில் நெஞ்சும் இல்லை, முழங்காலும் இல்லை. வயல்காரரும் தோணிக்காரரும் இருந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆத்துமட்டத்தில் ஐந்தடி காட்டினால் முகத்துவாரம் வெட்டுவது, ஐந்தடிக்குக் கீழே என்றால் பொறுப்பது. என் சேவைக் காலத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. நிறுவனத்தில் இருந்து ஸாதியா என்ற ஏறாவூர்ப் பிள்ளை வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாள். துசாந்தன் கூட்டம் முடிந்து வெளியே வந்து, "அண்ணன், புள்ளைக்கு தொட்டிலுக்கு சொல்லலாம் போல" என்றான்.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் கொட்டியது.

இனி என்னுடைய கதை. என் மனைவி இராசாத்திக்குச் சீதனமாக வந்த மூன்று ஏக்கர் வயல் எங்கள் ஊர் வட்டையில் ஆற்றோரமாகக் கிடக்கிறது. எத்தனையோ வருடம் குத்தகைக்கு விட்டிருந்தோம். பென்ஷனுக்கு ஒரு வருடம்தான் இருந்தது, எடுத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்று அந்த வருடம்தான் முதல்தரம் நானே இறங்கிச் செய்தேன். வெள்ளாமைக்கு முப்பத்தைந்து நாள். பச்சைப் பசேல் என்று நின்றது. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் நுனி மட்டும் தெரிகிறது. இராசாத்தி வரம்பில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்.

"வாய வெட்டச் சொல்லுங்களன். நாளைக்கும் இப்பிடி நிண்டா எல்லாம் அழுகிப் போகும். முப்பது வருசம் கந்தோருக்குப் போனீங்களே, இதக்கூடச் செய்ய ஏலாதா உங்களுக்கு?"

ஓடத்துறைக்குப் போனேன். கம்பத்தில் நாலடி மூன்று அங்குலம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தரமும் பார்த்தேன். நாலடி மூன்றுதான். போனை எடுத்து ஐந்தடி ஓரங்குலம் என்று அடித்தேன். சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன்.

கை நடுங்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற வயல்காரரும் கூட்டித்தான் அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். தோணிக்காரர் குறைத்து அனுப்புவார்கள் என்பதும் தெரியும். கை விரலால் அடிக்கிற எண்தானே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? பதினொன்றில் ஒன்று, அதனால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கால் மணி நேரத்துக்கு அந்தச் சாட்டு எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு போன் அடித்தது. துசாந்தன்.

"அண்ணன், எல்லாரும் மனம்போன போக்கில அனுப்பியிருக்காங்க. ஒராள் மூணரை எண்டுறார், ஒராள் ஆறு எண்டுறார். எண்ட சொந்த அண்ணனே குறைச்சுத்தான் அனுப்பியிருக்கார். ரோட்டெல்லாம் தண்ணி, போய்ப் பாக்கவும் ஏலா. ஒம்பது மணிக்கு கூட்டம். உங்கட அளவத்தான் நான் நம்புறன். அதோட ஒத்து வாறத வச்சுக்கொண்டு மத்ததெல்லாத்தையும் வெட்டிவிடப் போறன். நீங்க சரியாத்தானே பாத்தீங்க?"

இராசாத்தி இன்னும் வரம்பில்தான் நின்றாள். மழை என் குடையில் விழுந்துகொண்டிருந்தது. தம்பி, நில், நான் பிழையாக அடித்துவிட்டேன் என்று சொல்ல எத்தனை விநாடி வேண்டும்? கண்ணாடியில் மழை, எண் தெரியவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லியாவது திருத்தியிருக்கலாம்.

"ஓம் தம்பி" என்றேன். "சரியாத்தான் பாத்தன்."

ஒன்பது மணிக்கு ஆத்துமட்டம் ஐந்தடி ஓரங்குலம் காட்டியது. பேசி வைத்த பேச்சுப்படி பத்து மணிக்கு முடிவெடுத்து, பதினொரு மணிக்கு மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் முகத்துவாரத்தில் இறங்கியது. மத்தியானம் வாய் உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது. அன்று பின்னேரம் மழையும் விட்டது. அந்தக் கோதாரி மழை ஒருநாள் முந்தி விட்டிருக்கக் கூடாதா! மூன்றாம் நாள் என் வெள்ளாமை தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதே மூன்று நாளில் அந்த வருட இறால் முழுக்கக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

தோணிக்காரர் முட்டாள்களா? வாய் வெட்டின அன்று காலையிலேயே பாலத்துத் தூணில் தண்ணீர் நின்ற இடத்தைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தத் தூணிலும் ஆவணியில் கோடு கீறி வைத்தவன் துசாந்தன்தான். நாலடி மூன்று. படம் போன் போனாகப் பறந்தது. என்ன நடந்தது என்று பார்க்கப் போகிறவன்போல நானும் தன்னாமுனையில் துசாந்தன் இருந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் முப்பது, நாற்பது பேர். கேதீஸ்வரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கத்துகிறாள். சிவதர்சன் கூட்டத்துக்கு முன்னால் நின்றான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"அப்பாட தோணியில ஏறித்தானேடா அந்தக் கோட்டக் கீறினாய்" என்றான். "நான்தானே தண்டு புடிச்சன்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் தம்பியோடு பேசவில்லை. துசாந்தன் அண்ணனுக்குப் பின்னால் படலை வாசல் வரைக்கும் ஓடினான். "அண்ணன், நீங்களும் குறைச்சுத்தானே அனுப்பினீங்க" என்ற சொல் அவன் வாயில் வந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. அவன் அப்படித்தான்.

பத்து நாள் கழித்து ஸாதியா வந்தாள். துசாந்தன் என்னையும் வரச் சொல்லியிருந்தான், பழைய ஆள், பக்கத்தில் இருந்தால் பலம் என்று. அந்தப் பிள்ளையின் முகத்தில் கவலை தெரிந்தது. சும்மா ஒப்புக்கு வந்தவள் இல்லை.

"துசாந்தன் அண்ணே, மேல உள்ளவங்க இன்னம் கைவிடல்ல" என்றாள். "ஒரே ஒரு விசயம்தான் கேக்கிறாங்க. செயலி பிழையா, அளவு தந்த ஆள் பிழையா? எந்தக் கம்பத்தால பிழை வந்திச்சு எண்டு காட்டினா, அத திருத்தலாம் எண்டு எழுதிக் குடுத்து முன்னுக்குப் போகலாம். காட்ட ஏலாட்டி, முழுக்க நிப்பாட்டச் சொல்லுவாங்க."

துசாந்தன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். றஞ்சிதா பெரிய வயிற்றோடு என் முன்னால் தேத்தண்ணியை வைத்தாள். நான் கோப்பையைப் பார்த்தேன். பதினோராவது கம்பம், பிள்ளே, பிழை என்னுடையது. இந்த ஐந்து சொல் போதும். அவன் வீட்டில் நிற்பான், பிள்ளை தகப்பனின் கையில் பிறக்கும். எனக்கு என்ன நடக்கும்? அரசாங்க உத்தியோகத்தன் பொய்த் தகவல் கொடுத்து முகத்துவாரம் வெட்ட வைத்தான் என்று விசாரணை வரும். விசாரணை முடியும் வரைக்கும் பென்ஷன் நிற்கும். அதை எடுக்க ஒரு வருடம்கூட இல்லை எனக்கு. முப்பது வருடம் யாருக்கும் முகம் கறுக்காமல், ஒரு சொல் கூடப் பேசாமல், நெஞ்சையும் முழங்காலையும் எழுதிக் காத்துக்கொண்டு வந்த பென்ஷன்.

"மழைக்குள்ள ஆரச் சரியெண்டு சொல்லுற, ஆரப் பிழையெண்டு சொல்லுற பிள்ளே" என்றேன்.

தூ! இதை எழுதும்போது என் முகத்தில் நானே துப்பவேண்டும் போல இருக்கிறது.

ஸாதியா கொப்பியை மூடிக்கொண்டு எழும்பிப் போனாள். தை முதல் கிழமையில் நிறுவனத்தின் கடிதம் வந்தது. கேதீஸ்வரி மருமகனின் பாஸ்போட்டைத் தானே எடுத்து மேசையில் வைத்தாளாம்.

மாசி பிறக்க முந்தி ஒரு காலையில் துசாந்தன் என் வீட்டுக்கு வந்தான். நாலு நாளில் கட்டாருக்குப் பயணம். பிள்ளைக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, டாக்டரைக் கேட்டேன், முந்திப் பிறக்காது என்கிறார், டிக்கட்டை மாற்ற முடியாது என்றான். நாங்கள் அறுவடை முடித்திருந்த நேரம். முற்றம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. இராசாத்தி அவனைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக, "இந்த முறை நல்ல வெள்ளாமை தம்பி, தண்ணி வடிஞ்சதால தப்பிச்சம்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் நெல்லைப் பார்த்தான். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போட்டான்.

அவள் குசினிக்குள் போன பிறகு, சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுத்து என்னிடம் தந்தான். பதினொரு எண், பக்கத்தில் பெயரோடு, வரிசையாக எழுதியிருந்தது. சிறியதில் இருந்து பெரியதுக்கு.

"குறைச்சு அனுப்பினது நாலு பேர். கூட்டி அனுப்பினது அஞ்சு பேர். உண்மை அனுப்பினது ரெண்டு பேர்" என்றான். "நான் ஒண்டுமே செய்யாம விட்டிருந்தா, நடுவில வந்திருக்கிறது நாலடி மூணு. பாலத்தில நிண்ட அதே அளவு. இத்தின பேரும் பொய் சொல்லியும் அது சரியாச் சொல்லியிருக்கும் அண்ணன். நான்தான் ஒராள நம்பி, அந்த உண்மை சொன்ன ரெண்டு பேரையும் வெட்டி எறிஞ்சிட்டன்."

கூட்டி அனுப்பின ஐந்து பேரின் பெயரில் என்னுடையதும் ஒன்று. அதைச் சுற்றிப் பேனையால் ஒரு வட்டம்.

"இத எப்ப கண்டுபுடிச்சாய்?"

"ஸாதியா வாறதுக்கு முதல்நாள்."

"மறுகா ஏன்டா சொல்லல்ல?"

அன்றுதான் அவன் முதல்தரம் என் முகத்தைப் பார்த்தான். சட்டைப் பொத்தானை அல்ல, முகத்தை.

"நீங்க சொல்லுவீங்க எண்டு இருந்தன். நீங்க சொல்லல்ல. நான் உங்கட பேரப் போட்டா உங்கட பென்ஷன் போயிரும். பத்து மாசம்தானே இரிக்கி உங்களுக்கு. எனக்கு வயசிரிக்கி, எங்கயும் போய் உழைப்பன். இந்த வயசில நீங்க எங்க போற?"

மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். என்னால் முடிந்தது அந்தக் கடதாசியை நாலாக மடித்து என் பையில் வைத்துக்கொண்டதுதான். அதற்குள் இராசாத்தி புது அரிசியில் ஒரு பை கட்டிக்கொண்டு வந்து, "றஞ்சிதாவுக்கு கஞ்சி வச்சுக் குடுங்க தம்பி, புள்ளத்தாச்சிக்கு நல்லம்" என்று அவன் கையில் திணித்தாள். அவன் வாங்கிக்கொண்டான். எங்கள் வயல் அரிசி! வேண்டாம் என்று அவன் எறிந்திருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்து, விழாமல் இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு போனான்.

பிள்ளை அவன் போன ஒன்பதாம் நாள் பிறந்தது. பெண்பிள்ளை. போனில் பார்த்தான். இப்போது அங்கே ஒரு பெரிய கம்பனியில் கணினி திருத்துகிற வேலை, பிரின்டர்களும் அதில் அடக்கம் என்று றஞ்சிதா சொன்னாள். சிவதர்சன் இன்னும் தம்பியோடு பேசுவதில்லை. ஆனால் தம்பியின் மகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

எனக்குப் போன மாதத்தோடு பென்ஷன் சரி. ஒரு குறையும் இல்லை. அலுவலகத்தில் பொன்னாடை போர்த்திப் பேசினார்கள். நேர்மையான உத்தியோகத்தர், ஒருவரோடும் பகை இல்லாதவர் என்றார்கள். கை தட்டினார்கள். இந்த மாரிக்கும் கூட்டம் வைத்தார்களாம். பழையபடி வயல்காரன் நெஞ்சைத் தொட்டானாம், தோணிக்காரன் முழங்காலைத் தொட்டானாம்.

ஆத்துமட்டத்தை அவன் முழுக்க நிப்பாட்டவில்லை. செயலியில் இருந்து பத்துக் கம்பத்தை எடுத்துவிட்டு என்னுடையதை மட்டும் விட்டு வைத்திருக்கிறான். ஏன் என்று அவனைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு காலையும் ஆறு மணிக்கு என் போன் ஒலிக்கும். ஓடத்துறைக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் பார்ப்பேன். மழையோ வெயிலோ, ஒருநாள் தவறியதில்லை. இன்று மூன்றடி ஏழு அங்குலம். சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். அந்த அளவை இப்போது பார்ப்பதற்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறான். அவன் பிள்ளைக்குப் பத்து மாதம். இன்னும் தூக்கவில்லை.